குடும்ப ஜெபமும் பொதுப் பந்தியும்: தமிழ்க் கிறிஸ்தவ அன்றாடப் பக்தியின் எல்லை குறித்து

விசுவாசம் ஆழப்படுவது எப்படி என்ற கேள்விக்குத் தமிழ்த் திருச்சபைகளில் இரண்டு விடைகள் வழங்கிவருகின்றன. எழுப்புதல் கூட்டங்களின் விடை ஒன்று: ஒருநாள் இருதயம் உடைய வேண்டும், மனந்திரும்பிய நாளும் நேரமும் சாட்சியாகச் சொல்லத்தக்கதாய் இருக்க வேண்டும், மற்றவை அதன்பின் தாமாக வரும். மற்றொன்று நம் வீடுகளின் விடை: விளக்கு வைத்ததும் பாய் விரித்து உட்கார், ஒரு பாட்டுப் பாடு, முறை வைத்து ஓர் அதிகாரம் வாசி, முழங்காலில் நில், நாளையும் அதையே செய். இவற்றில் இரண்டாவதே தமிழ்க் கிறிஸ்தவத்தை உருவாக்கிய வழி என்பது இக்கட்டுரையின் முதற்கூற்று. அவ்வழி வீட்டு வாசலோடு நின்றபோதெல்லாம் அதில் விளைந்த பக்தியும் வாசலோடு நின்றுவிட்டது என்பது அடுத்த கூற்று. முதலாவதை நிறுவுவது எளிது. தயங்காமல் பேச வேண்டியது அடுத்ததைத்தான்.

முத்துக்குளித்துறைக்கு 1542-இல் வந்த பிரான்சிஸ் சவேரியார் செய்தது மனப்பாடம் செய்வித்ததே. விசுவாசப் பிரமாணம், கர்த்தர் கற்பித்த ஜெபம், பத்துக் கட்டளைகள் ஆகியவற்றைத் தமிழில் சொல்லவைத்து, சிறுவர்கள் வீட்டுக்குப் போய்ப் பெற்றோருக்குச் சொல்லித்தரும்படி ஏற்பாடு செய்தார். அவருக்குப் பின் வந்த அன்றீக்கே அன்றீக்கசு 1578-இல் கொல்லத்தில் அச்சிட்ட தம்பிரான் வணக்கமும் ஒரு சிறு உபதேச நூல். வாய்விட்டுச் சொல்வதற்கென்றே எழுதப்பட்டது. 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு செருமானிய பக்தி இயக்கத்தில் வளர்ந்தவர், உள்ளத்து மாற்றத்தையே முன்னிறுத்தியவர். ஆனால் அவரும் பள்ளிக்கூடம், ஞானோபதேசம், அச்சுக்கூடம் என்றுதான் வேலையைத் தொடங்கினார். 1714-இல் அங்கே அச்சான சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும் தஞ்சாவூர்ப் படையில் இருந்த இராசநாயக்கன் என்ற கத்தோலிக்கச் சேவகரின் கைக்கு எட்டின. அவரை மாற்றியது எந்தப் பிரசங்கமும் அன்று. அந்தப் புத்தகத்தை அவர் திரும்பத் திரும்பப் படித்தது. பின்னாளில் தரங்கம்பாடி மிஷனின் சிறந்த உபதேசியார்களுள் ஒருவரானார். அவரிடம் மீண்டும் வருவோம்.

திருநெல்வேலிப் பகுதிச் சபைகளில் நிலைபெற்ற பிடியரிசிக் காணிக்கையை இங்கே சற்று நெருங்கிப் பார்க்கலாம். உலையில் போட அரிசியைக் களைவதற்கு முன்பே வீட்டுப் பெண் ஒரு பிடி அள்ளித் தனிப் பானையில் போடுகிறாள். வாரக்கடைசியில் அது சபைக்குப் போகிறது. கணவனைக் கேட்டு எடுக்க வேண்டிய காசு அன்று அது. அவள் ஆட்சிக்குட்பட்ட அடுக்களையிலிருந்து அவளே தருவது. எழுதப் படிக்கத் தெரியாத ஒருத்தியின் சமயவாழ்வு ஒரு நாளைக்கு இருமுறை இப்படி அரிசிப்பானையருகே நடந்தது. அந்தச் சமயத்தில் அவள் மனத்தில் பக்தி பொங்கியதா என்று கேட்பது பொருளற்றது. சில நாள் பொங்கியிருக்கும், பல நாள் அடுப்புப் புகைதான் கண்ணில் இருந்திருக்கும். ஆனால் விலைவாசி ஏறிய மாதத்திலும் அந்தப் பிடி குறையாதிருந்தால், விசுவாசம் அவளது கணக்கில் இடம்பிடித்துவிட்டது என்று பொருள். வழக்கமாகிவிட்ட ஜெபம் உயிரற்றது என்று மேடையில் முழங்குவோர் இந்த நுட்பத்தைக் காண்பதில்லை. உணர்ச்சி வற்றிய நாளிலும் ஆளைத் தாங்கி நிற்பது வழக்கமே. நோயும் கடனும் சாவும் வந்த வீட்டில் புதிதாக ஜெபிக்க யாருக்கும் வாய் வராது. மனப்பாடமான சங்கீதம்தான் வரும்.

இதுவரை சொன்னதில் பெரும்பாலோர் உடன்படுவர். சிக்கல் தஞ்சாவூரில் தொடங்குகிறது.

வேதநாயகம் சாஸ்திரியார் 1774-இல் பாளையங்கோட்டையில் பிறந்து, சிறுவயதிலேயே மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரால் தஞ்சைக்கு அழைத்துவரப்பட்டு வளர்ந்தவர். தஞ்சை மன்னர் சரபோஜியும் அதே ஐயரின் அரவணைப்பில் இருந்தவர் என்பது தெரிந்ததே. பெத்லகேம் குறவஞ்சி முதலிய நூல்களாலும் எண்ணற்ற கீர்த்தனைகளாலும் சாஸ்திரியார் செய்தது, கிறிஸ்தவ உபதேசத்தை இராகத்திலும் தாளத்திலும் ஏற்றி வீட்டுக்குள் கொண்டுபோனது. இன்றும் லெந்து நாளிலும் குருத்தோலை ஞாயிற்றிலும் பாட்டுப் புத்தகத்தைத் திறவாமலே பாடும் முதியவர்கள் அவரைத்தான் பாடுகிறார்கள். அன்றாடப் பக்தியை ஆழப்படுத்தியவர் யார் என்று தமிழ்ச் சீர்திருத்தச் சபை வரலாற்றில் ஒருவரைச் சுட்டச் சொன்னால், நான் தயங்காமல் அவரைச் சுட்டுவேன்.

அவரே 1820-களின் பிற்பகுதியில் புதிய மிஷனரிமாரை எதிர்த்து நீண்ட முறையீடுகளை எழுதினார். அவற்றின் சாரம் நான்கு குற்றச்சாட்டுகள். பழகிய பப்ரிசியுஸ் வேதாகம மொழிபெயர்ப்பை ஒதுக்கி இரேனியுஸின் புதிய திருத்தத்தைத் திணிப்பது ஒன்று. பண்டிகைகளில் பூவையும் அலங்காரத்தையும் தடுப்பது ஒன்று. கோவிலில் தமிழ்ப் பாட்டையும் இசையையும் ஒடுக்குவது ஒன்று. சாதி வேறுபாட்டை விடும்படி வற்புறுத்துவது ஒன்று. முதல் மூன்றிலும் இன்றைய வாசகர் அவர் பக்கம் நிற்பார். அந்நியப் பாதிரிமாரின் அகந்தையை எதிர்த்து ஒரு தமிழ்ப்புலவர் எழுப்பிய நேர்மையான குரல் என்று அவற்றைப் பாராட்டுவதும் தகும். நான்காவதை என்ன செய்வது? அவர்மேல் மதிப்புள்ளவர்கள் அதைக் காலத்தின் குறை என்று ஒதுக்கிவிட்டு மூன்றை மட்டும் பேசுகிறார்கள். அவர்மேல் கோபமுள்ளவர்கள் நான்காவதை மட்டும் எடுத்துக்கொண்டு கீர்த்தனைகளையே சந்தேகிக்கிறார்கள். சாஸ்திரியாருக்கு இந்த நான்கும் ஒன்றே என்பதை இருசாராரும் விட்டுவிடுகின்றனர். வீட்டில் எப்படி வாசித்தோம், எப்படிப் பாடினோம், எப்படிப் பூ வைத்தோம், யாரோடு உண்டோம் என்பவை அவர் பார்வையில் பிரிக்கவொண்ணாத ஒரே வாழ்முறை. விசுவாசத்தை அந்த வாழ்முறைக்குள் ஆழமாக ஊன்றியவர், அதன் ஒரு பகுதியைப் பிடுங்க வந்தவர்களை விசுவாசத்தின் பகைவராகவே கண்டார்.

ஆகவே அவருடைய பக்தி மேலோட்டமானது என்று சொல்லித் தப்பிக்க முடியாது. அது ஆழமானது. ஆழமாக வேர்விட்டதாலேயே, வேர்விட்ட மண்ணின் சாதியையும் உறிஞ்சிக்கொண்டது.

இது ஒருவரின் பிழையும் அன்று. தரங்கம்பாடிச் சபையில் 1733-இல் ஆரோன் என்ற வேளாளர் முதல் தமிழ்க் குருவாக அபிஷேகம் பெற்றார். அடுத்த குருவைத் தேடியபோது இராசநாயக்கனின் பெயர் எழுந்தது. தகுதியில் ஐயமில்லை. ஆனால் அவர் பறையர் குலத்தவர்; அவர் கையால் திருவிருந்து பெறச் சாதிக் கிறிஸ்தவர்கள் இசையமாட்டார்கள் என்று மிஷனரிமார் கருதினர். அவருக்குப் பதிலாக 1741-இல் தியோகு என்பவர் அபிஷேகம் பெற்றார். வேதத்தைத் தாமே படித்து விசுவாசத்துக்கு வந்த மனிதர் கடைசிவரை உபதேசியாராகவே இருந்தார். அவரை ஒதுக்கிய வீடுகளில் அன்று மாலையும் குடும்ப ஜெபம் தவறாமல் நடந்திருக்கும் என்பதுதான் உறுத்துகிறது. கத்தோலிக்கத் தரப்பிலும் நிலை வேறன்று. வடக்கன்குளத்தில் 1872-இல் எழுந்த கோவில், இரு சாதியார் தனித்தனியே அமர்ந்து ஒரே பீடத்தைக் காணும்படி இரு கிளைகளாகக் கட்டப்பட்டது. ஊரார் அதைக் கால்சட்டைக் கோவில் என்றனர். 1910-இல் தடுப்பு அகற்றப்பட்டபோது வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. இரு கிளைகளிலும் செபமாலை உருண்டுகொண்டுதான் இருந்தது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. ஆன்மிக வளர்ச்சி என்பது ஆத்துமாவுக்கும் தேவனுக்கும் இடையிலானது. சாதி சமுதாயச் சீர்திருத்தத்தைச் சேர்ந்தது. ஒன்றை மற்றொன்றின் அளவுகோலாக்குவது வகைமயக்கம் என்பது அம்மறுப்பு. வேதாகமம் இதற்கு இடம் தரவில்லை. அந்தியோகியாவில் புறஜாதியாரோடு உண்பதைப் பேதுரு நிறுத்திக்கொண்டபோது, பவுல் அதைச் சுவிசேஷத்தின் சத்தியத்தை விட்டு விலகிய நடையாகவே கண்டதைக் கலாத்தியர் நிருபத்தின் இரண்டாம் அதிகாரம் காட்டுகிறது. கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் பதினோராம் அதிகாரத்தில், இல்லாதவர்கள் பசித்திருக்க உள்ளவர்கள் முந்தி உண்டதே திருவிருந்தைக் கெடுத்தது. அங்கே கண்டிக்கப்பட்டவர்களுக்கு ஜெபத்திலோ வரங்களிலோ குறைவில்லை; வரங்களில் அவர்கள் நிறைந்தவர்கள் என்று அந்த நிருபமே தொடங்குகிறது. முந்திப் பெறுவோர், பிந்திப் பெறுவோர் என்று திருவிருந்துக்கு வரிசை வைத்திருந்த தஞ்சைச் சபை இந்த அதிகாரத்தை எத்தனை முறை முறைவாசிப்பில் கடந்திருக்கும்!

மற்றொரு மறுப்பில் நியாயம் கூடுதல். 1833-இல் கல்கத்தா அத்தியட்சர் தானியேல் வில்சன் சாதியை உடனே, முழுவதுமாக விட வேண்டும் என்று கடிதம் விடுத்தார். விளைவு சபைப் பிளவு. பலர் வெளியேறினர், பின்னாளில் சாதி விஷயத்தில் மென்மையாக நடந்துகொண்ட லைப்சிக் மிஷனில் ஒரு பகுதியினர் சேர்ந்தனர். கட்டளையால் பழக்கத்தை வெல்ல முடியாது என்பதற்கு இது நல்ல சான்று. தமிழரோடு சரிசமமாக உண்ணாத துரைமார் தமிழருக்குச் சமபந்தி உபதேசித்ததைக் கேட்டு நகைத்தவர்கள்மேல் குற்றம் காணவும் முடியவில்லை. ஆனால் இதிலிருந்து பெற வேண்டிய பாடம் சாதியை அப்படியே விட்டிருக்கலாம் என்பதாக இருக்க முடியாது. பழக்கத்தை மாற்ற இன்னொரு பழக்கமே வேண்டும்.

அப்படி ஒன்று தென்தமிழ்ச் சபைகளில் உண்டு. ஆய்வாளர்கள் அதைச் சாப்பாட்டு விஷயமென்று பெரிதும் பொருட்படுத்தவில்லை. திருநெல்வேலி, தூத்துக்குடிப் பகுதிகளின் அசனப் பண்டிகையைச் சொல்கிறேன். வீட்டுக்கு வீடு அரிசியும் பணமும் கொடுக்கிறார்கள், வசதியுள்ளவர் ஆடு கொடுக்கிறார். ஆடவர் விடிய விடியக் கோவில் வளாகத்தில் பெரிய வட்டாக்களில் சமைக்கிறார்கள். ஆராதனை முடிந்ததும் சபையார் வரிசையாக உட்கார்ந்து ஒரே சோற்றையும் ஒரே குழம்பையும் உண்கிறார்கள். ஆடு கொடுத்தவருக்குத் தனிப் பந்தி இல்லை. ஒரே சாதியார் மட்டுமே உள்ள சபையில் இது ஊர்விருந்தாகச் சுருங்கிவிடுகிறது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. அப்படிப்பட்ட சபைகளே மிகுதி. என்றாலும், குடும்ப ஜெபத்தால் முடியாத ஒன்றைச் செய்யும் வடிவம் இது: வீட்டில் பழகிய வாயை வீட்டுக்கு வெளியே, தான் தேர்ந்தெடுக்காத ஒருவரின் அருகில் உட்காரவைக்கிறது.

பக்தி வாசலோடு நின்றுவிடுவது பழங்கதை அன்று. எறையூர் என்ற ஊரில் 2008 மார்ச்சில் ஒரே கோவிலைச் சேர்ந்த இரு சாதிக் கிறிஸ்தவர்களிடையே மூண்ட மோதலில் காவல்துறை சுட்டு இருவர் மாண்டனர். இரு தரப்பிலும் தினம் செபமாலை சொல்லும் குடும்பங்கள் இருந்தன என்று ஊகிக்க அதிக ஆராய்ச்சி தேவையில்லை. ஆன்மிக வளர்ச்சிக்கென்று நம் சபைகள் வெளியிடும் தியானப் புத்தகங்களும் உபவாசக் கூட்டங்களும் தனியாளையும் குடும்பத்தையுமே குறிவைக்கின்றன. இவை வேண்டும், குறைக்கச் சொல்லவில்லை. ஆனால் ஒரு சேகரத்தின் ஆழத்தை மதிப்பிட விரும்பும் ஆயர், எத்தனை வீடுகளில் குடும்ப ஜெபம் நடக்கிறது என்று எண்ணுவதோடு நிற்காமல், அடுத்த அசனத்தைப் பக்கத்துச் சேரிச் சபையோடு சேர்ந்து நடத்திப் பார்க்கட்டும். யார் வருகிறார்கள், யார் வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டு வருகிறார்கள் என்பதைப் பந்தியிலேயே பார்த்துக்கொள்ளலாம்.