அமெரிக்காவும் அயல்நாட்டு அறிவாளரும்

பிறநாட்டாரின் கல்வியையும் கைத்திறனையும் வேண்டி அழைத்தல் அரசுகளுக்குப் புதியதொரு வழக்கமன்று. ஆயினும், அழைக்கப்பட்டவன் வந்து சேர்ந்தபின் அவனுக்கு எத்தகைய உரிமை வழங்குவது என்னும் வினா எழும்போதே ஒரு நாட்டின் உள்ளக்கிடக்கை வெளிப்படுகின்றது. குடியேறியோரால் வளம்பெற்ற அமெரிக்க ஐக்கிய நாடுகள் இவ்வினாவுக்குக் காலந்தோறும் அளித்த விடைகளை ஈண்டு நோக்குவாம்.

1885 ஆம் ஆண்டிலே அந்நாட்டுக் காங்கிரசு, வேலை ஒப்பந்தஞ் செய்து அயல்நாட்டாரைத் தருவித்தலைத் தடைசெய்து ஒரு சட்டம் இயற்றியது. முதலாளிகள் குறைந்த கூலிக்கு ஆட்களைக் கொணர்ந்து உள்நாட்டுத் தொழிலாளரின் ஊதியத்தைத் தாழ்த்துகின்றனர் என்னும் முறைப்பாடே அதற்குக் காரணமாகும். நடிகர், பாடகர், விரிவுரையாளர் முதலிய சிலருக்கும், நாட்டில் இன்னும் வேரூன்றாத கைத்தொழில்களுக்கு வேண்டிய வினைவல்லாருக்கும் விலக்களிக்கப்பட்டது. மதகுருமார் அவ்விலக்கிற் குறிப்பிடப்படவில்லை. 1887 இல் நியூயோர்க் நகரத் திருச்சபையொன்று இங்கிலாந்திலிருந்து ஒரு குருவை ஒப்பந்தஞ் செய்து வரவழைத்தது. அரசாங்கம் அச்சபைமீது வழக்குத் தொடுத்தது. கூலியாளரின் வரவைத் தடுக்க எழுந்த சட்டம் இத்தகையோரைத் தடுக்கக் கருதியதன்று என 1892 இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்கு முந்திய ஆண்டிலேயே குருமாருக்கும் கல்லூரிப் பேராசிரியருக்கும் பிற உயர்தொழில் புரிவோருக்கும் காங்கிரசு விலக்களித்திருந்தது. உடலுழைப்பு வேறு, அறிவுழைப்பு வேறு என்னும் பாகுபாடு இவ்வாறு சட்டத்தில் நிலைபெற்றது.

ஆயினும், அறிவுக்குத் திறந்த வாயில் அறிவுடையோர் எல்லோருக்கும் முற்றாகத் திறக்கவில்லை. 1917 ஆம் ஆண்டுச் சட்டம் ஆசியாவின் பெரும்பகுதியைத் தடைசெய்யப்பட்ட வலயமாக்கி, வைத்தியர், ஆசிரியர், மாணவர் முதலியோருக்கு மட்டும் இடங்கொடுத்தது. 1923 இல், இந்தியர் அமெரிக்கப் பிரசாவுரிமை பெறத் தகுதியற்றவர் என உயர் நீதிமன்றம் தீர்த்தது. தமிழராகிய வானியலறிஞர் சுப்பிரமணியன் சந்திரசேகர் 1937 இல் சிக்காகோப் பல்கலைக்கழகத்தின் யேர்க்சு வானாய்வு நிலையத்திற் பணியேற்றார். அவருடைய ஆராய்ச்சியை ஏற்றுப் போற்றிய அந்நாட்டில், பிரசையாகும் உரிமை 1946 வரை அவருக்கு இருக்கவில்லை. அவ்வாண்டிலேதான் இந்தியருக்கு அவ்வுரிமையும், ஆண்டுக்கு 100 பேர் குடியேறும் வாய்ப்பும் அளிக்கப்பட்டன. சந்திரசேகர் 1953 இற் பிரசையானார்.

சனாதிபதி துரூமன் மறுத்தும் நிறைவேறிய 1952 ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டம் பழைய ஒப்பந்தத் தடையை நீக்கியது. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் ஆண்டுக்குத் தனித்தனி 100 இடமே வகுத்த அச்சட்டம், சிறந்த தகுதியும் ஆற்றலும் உடையோர் குறுங்காலம் தங்கிப் பணிபுரியும்பொருட்டு எச்-1 என்னும் வீசா வகுப்பையும் தோற்றுவித்தது. வருபவன் தாய்நாட்டிலுள்ள தன் வீட்டைத் துறக்கும் எண்ணமில்லாதவனாயிருத்தல் வேண்டும். அவன் ஏற்கும் பணியும் தற்காலிகமானதாயிருத்தல் வேண்டும். இவ்விரு நிபந்தனைகளும் நிலைக்கவில்லை. 1970 இல் நிலையான பணிகளுக்கும் இவ்வீசா வழங்கப்படலாயிற்று. 1990 இல் எச்-1பி வகுப்பு அமைக்கப்பட்டபோது, நாடு திரும்பும் எண்ணத்தை நிறுவவேண்டும் என்னும் விதியும் கைவிடப்பட்டது. பட்டப்படிப்பை வேண்டும் தொழில்களுக்கு ஆண்டொன்றுக்கு 65,000 பேர், ஆறாண்டு எல்லை, வழக்கிலுள்ள ஊதியத்திற் குறையாது கொடுப்பதாகத் தொழில்கொள்வோர் தரும் உறுதிமொழி என்பன அதன் கூறுகளாயின. தற்காலிகம் என்னும் பெயர் எஞ்சியது. அதன் பொருள் தேய்ந்தது.

கணினித் தொழில் பெருகவே அவ்வெல்லை போதாதாயிற்று. காங்கிரசு 1998 இல் அதனை 115,000 ஆகவும், 2000 இல் 195,000 ஆகவும் உயர்த்தியது. 2004 இல் அது மீண்டும் 65,000 ஆயிற்று. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் முதுமாணி முதலிய உயர்பட்டம் பெற்றோருக்கு 20,000 இடம் பின்னர்ச் சேர்க்கப்பட்டது. வேண்டுவோர் தொகை மிகுந்தமையால் திருவுளச்சீட்டினாற் பலரது எதிர்காலம் தீர்மானிக்கப்படும் நிலையும் வந்தது.

இவ்வீசா பெற்றோருள் இந்தியரே பெரும்பாலார். தொழில்வழி நிரந்தர வதிவிட உரிமையோ ஆண்டுக்கு ஏறத்தாழ 140,000 பேருக்கே உரியது. பொதுவாக ஒரு நாட்டார்க்கு அதில் நூற்றுக்கு ஏழு பங்கே கிடைக்கும். நாடு பெரிதாயினும் சிறிதாயினும் அளவு ஒன்றே. ஆகவே இந்தியர் பலர் பத்தாண்டுக்கு மேலாகக் காத்திருக்கின்றனர். காத்திருப்போர் ஆறாண்டு கடந்தும் தங்குவதற்கு 2000 ஆம் ஆண்டுச் சட்டம் இடமளித்தது. அவர்தம் வாழ்க்கைத்துணைவருட் பலருக்கு 2015 இல் தொழில்புரியும் அனுமதி கிடைத்தது. எனினும், வரி செலுத்தி, வீடு வாங்கி, அங்கே பிள்ளைகளைப் பெற்று வளர்ப்பவனும் வேலையை இழப்பின், 2017 இல் வந்த விதிப்படி அவனுக்குக் கிடைக்கும் தவணை 60 நாள் மட்டுமே. 2025 செப்ரெம்பரில், நாட்டுக்கு வெளியிலுள்ளோர்க்கான புதிய விண்ணப்பங்களுக்கு 100,000 டொலர் கட்டணம் விதித்துச் சனாதிபதி டிரம்ப் பிரகடனஞ் செய்தார்.

1885 இல் ஒப்பந்தத்தோடு வந்தவனுக்கு வாயில் அடைக்கப்பட்டது. எச்-1பி வகுப்பிலோ ஒப்பந்தமில்லாதவனுக்கு அது திறவாது. முதலாளிக்குக் கட்டுண்ட தொழிலாளியாற் பிறர் ஊதியம் தாழும் என முன்னைய சட்டம் அஞ்சியது; பின்னைய சட்டம் அக்கட்டையே தங்குதற்குரிய நிபந்தனையாக்கியது. 2000 இல் வேலை மாறுதல் எளிதாக்கப்பட்டதெனினும் கட்டு முற்றாக அறவில்லை. உள்நாட்டாரின் ஊதியத்தைக் காத்தல் எவ்வரசுக்கும் கடனே. ஆனால், வேறிடஞ் செல்ல இயலாதவனே குறைந்த ஊதியத்துக்கும் இசைவான். அவனைக் கட்டிவைத்தல் உள்நாட்டாருக்கும் காப்பாகாது. ஒருவனது அறிவை ஏற்கும் நாடு அவனது வாழ்வுக்கும் இடங்காணல் வேண்டும் என்பதையே நூற்றாண்டு கடந்த இவ்வரலாறு உணர்த்துகின்றது.