ஹங்கேரிக்குக் குடியேறிய விறகு மரம்

போரில் தோற்ற நாடு எதை இழக்கிறது என்று கேட்டால் நிலம், மக்கள், சுரங்கம் என்று வரிசையாகச் சொல்வோம். விறகைச் சொல்ல நமக்குத் தோன்றுவதில்லை. 1920ஆம் ஆண்டு ஜூன் 4ஆம் நாள், வெர்சேல்சிலுள்ள ட்ரியனான் மாளிகையில் கையெழுத்தான உடன்படிக்கை, ஹங்கேரியின் நிலப்பரப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை அண்டை நாடுகளுக்குப் பிரித்துக் கொடுத்தது. காடுகளில் போன பங்கு இன்னும் பெரிது. 100க்கு 80க்கும் மேல். கார்ப்பேத்திய மலைச் சரிவுகளின் காடுகள் எல்லைக்கு அப்பால் போயின. எஞ்சியது பெரும்பாலும் சமவெளி. விறகில்லாவிட்டால் அங்கே அடுப்பு மட்டுமா அணையும்? குளிர்காலத்தில் வீடே உறைந்துவிடும்.

அந்தச் சமவெளியில் அப்போதே வேரூன்றி நின்ற அயல்நாட்டு மரம் ஒன்றைப் பற்றியே, மாணவ நேயர்களே, இன்று பேச விரும்புகிறேன்.

அதன் தாயகம் அமெரிக்காவின் அப்பலேச்சிய மலைப்பகுதி. ஆங்கிலத்தில் ‘பிளாக் லோகஸ்ட்’ என்பார்கள். 1753இல் லின்னேயஸ் அதற்கு இட்ட பெயரின் முதற் சொல்லான ‘ரோபினியா’, பிரெஞ்சு மன்னர்களின் தோட்டக்காரரான ழான் ரோபினை நினைவூட்டுவது. இரண்டாம் சொல்லின் பொருள் ‘போலி வேல்’. முள்ளும் சிற்றிலையும் வேல மரத்தை ஒத்திருப்பதால் வந்த பெயர். ஹங்கேரியரோ ‘போலி’யை விட்டுவிட்டு, ‘அகாட்ஸ்’, அதாவது வேல் என்றே அழைக்கிறார்கள். குடியேறிய மரத்துக்கு இதைவிட உரிமை யார் கொடுப்பார்!

18ஆம் நூற்றாண்டிலேயே அது ஹங்கேரிக்கு வந்துவிட்டது. காற்றில் பறக்கும் மணலை வேரால் பிடித்து நிறுத்த அதை நட்டார்கள். அவரைக் குடும்பத்தைச் சேர்ந்ததாகையால், வேர் முடிச்சுகளின் உதவியால் ஏழை மண்ணிலும் வளரும். வெட்டினால் அடிக்கட்டையும் வேரும் மீண்டும் தளிர்க்கும்.

விறகாக அதன் பெருமை தனி. வெளிறு ஒல்லியானது, உள்ளே மஞ்சள் கலந்த வைரம். பெரும்பாலான மரங்களைவிடப் பச்சையிலேயே நீர் குறைவு. ஆதலால் விரைவில் காயும். நேராக ஓடும் நாரை உடைய துண்டு கோடரியின் ஓர் அடியில் விரிந்து கொடுக்கும். கவையும் கணுவும் உள்ள துண்டுக்கு ஆப்பு வேண்டும். பிளந்ததை வெறுந்தரையில் அடுக்கலாகாது. கீழே இரண்டு கழிகளைக் கிடத்தி, அவற்றின்மேல் அடுக்கி, இரு முனைகளிலும் குறுக்கும் நெடுக்குமாக வைத்தால் அடுக்கு சரியாது. மேற்புறத்தை மட்டும் மூடிப் பக்கங்களைத் திறந்து விடுவது முறை. உலர்த்துகிற வேலை காற்றுடையது. எரியும்போது பொறி தெறிக்கும் என்பதால் திறந்த கணப்பைவிட மூடிய அடுப்பே இதற்கு ஏற்றது.

காற்றையும் சேர்த்து விலை கொடுக்கலாமா? இதற்கு ஹங்கேரியர் கண்ட கணக்கு எனக்கு மிகவும் பிடிக்கும். 1 மீட்டர் நீளத் துண்டுகளை 1 மீட்டர் அகலத்துக்கு 1.7 மீட்டர் உயரம் அடுக்கினால் அது ‘காட்டுக் கனமீட்டர்’. இடைவெளிகளைக் கழித்தால் ஏறத்தாழ 1 கனமீட்டர் மரம் தேறும் என்பது கணக்கு. வாங்குபவரின் உரிமையை அந்த 0.7 காத்தது.

மலைக்காடுகள் போன பிறகு, 1923இல் சமவெளியில் காடு வளர்க்கச் சட்டம் வந்தது. அகாட்ஸ் மேலும் பரவியது. இன்று ஹங்கேரியக் காட்டுப் பரப்பில் ஏறக்குறைய கால்பங்கு அதுவே. வரலாற்று நூல்கள் ட்ரியனானின் எல்லைக்கோட்டைப் படமாக அச்சிடுகின்றன. எளியவர் வீட்டுப் புறத்தில் உயர்ந்த விறகு அடுக்கையும் அதே நிகழ்ச்சியின் சான்றாகவே நான் காண்கிறேன்.

இருப்பினும் வழக்கு முடியவில்லை. பரவும் அயல் உயிரினங்களைக் கட்டுப்படுத்த ஐரோப்பிய ஒன்றியம் 2014இல் சட்டம் இயற்றியபோது, இம்மரமும் தடைப்பட்டியலில் சேருமோ என்ற அச்சம் எழுந்தது. அதே ஆண்டில் ஹங்கேரி அதைத் தன் தேசியச் சிறப்புப் பொருள்களுள் ஒன்றாக அறிவித்தது. 2016இல் வந்த முதற் பட்டியலில் அது இடம்பெறவில்லை. விறகுக்கென வளர்க்கும் தோப்பில் அந்த மரியாதை தகும் என்பதே என் கருத்து. ஆனால் அரிய புற்களும் பூக்களும் வாழும் மணற்புல்வெளிகளில் அது புகுந்து அவற்றை நெருக்குகிறது. அதை அகற்ற வருபவர் கோடரியோடு மட்டும் வந்தால் பயனில்லை. வெட்டிய இடத்தைச் சுற்றி அடுத்த வசந்தத்தில் வேர்க்கன்றுகள் எழுந்து நிற்கின்றன.