சுவருக்குள் ஒரு சாரம் – 9: இரண்டு பீப்பாய்கள்

செல்லில் புதுச் சுவர் எழவேண்டிய இடத்துக்குக் குறி இருக்கிறது, குறித்த கையைக் காணோம். போன வாரம் இங்கேதான் நிறுத்தினோம்.

1966. கேம்பிரிட்ஜில் ஜெரமி பிக்கெட்-ஹீப்ஸும் நார்த்கோட்டும் கோதுமை நாற்றின் செல்களை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிரியப்போகும் செல்லின் உள்விளிம்பில், அரைஞாண் கட்டியதுபோல் நுண்குழல்களாலான பட்டை ஒன்று. செல் பிரியத் தொடங்கியதும் பட்டை கலைந்துவிட்டது. ஆனால் இரண்டு செல்களுக்கும் நடுவே எழுந்த புதுச் சுவர், பட்டை இருந்த அதே இடத்தில் போய் ஒட்டிக்கொண்டது! ஆசாரி நூலடித்த கோடு, அறுத்து முடியும்வரை மரத்தில் இருக்கும். இங்கே ரம்பம் வருவதற்குள் கோடு அழிந்துவிடுகிறது.

சுவர் எந்த இடத்தில் எழுகிறது என்பது செடிக்கு உயிர்போகும் விஷயம். விலங்கின் கருவில் செல்கள் இடம்பெயரலாம். செடியின் செல்லோ சுவருக்குள் இருக்கிறது, பிறந்த இடமே அதற்குக் கடைசிவரை இடம். கடுகுக் குடும்பத்துச் சிறுசெடியான அராபிடாப்சிஸைப் பாருங்கள். கருவுற்ற ஒற்றைச் செல் முதலில் நீளும். பிறகு மேலே சிறியது, கீழே பெரியது என்று இரண்டாகும். மேல்செல்லிலிருந்து கருவின் பெரும்பகுதி உருவாகும். கீழ்செல்லிலிருந்து கருவைத் தாங்கும் காம்பும் வேர்நுனியின் ஒரு பங்கும். அடுத்தடுத்த சுவர்களும் அவ்வளவு ஒழுங்கு.

அப்படியானால், பட்டையே கட்டத் தெரியாத கரு என்ன ஆகும்? சிதைந்துதானே போகவேண்டும்?

1991-இல் ஜெர்மனியில் கெர்ட் யூர்கென்ஸ் குழு, உருக்குலைந்த அராபிடாப்சிஸ் நாற்றுகளின் பட்டியலை 'நேச்சர்' இதழில் வெளியிட்டது. அதில் ஒன்று கட்டை குட்டையாக, தடித்து நின்றது. 'ஃபாஸ்' என்று பெயர் வைத்தார்கள். 1995-இல் பிரான்சிலிருந்து யான் டிராஸ் குழு, அதேபோன்ற குண்டு நாற்றுகளைப் பற்றி எழுதியது. அவர்கள் வைத்த பெயர் 'டோனோ'. ஜெர்மனில் ஃபாஸ் என்றாலும் பிரெஞ்சில் டோனோ என்றாலும் பீப்பாய்தான்!

பீப்பாய்க்குள் செல்கள் கன்னாபின்னாவென்று கிடந்தன. சுவர்கள் கோணல், அளவுகள் தாறுமாறு. டிராஸ் குழு தேடியபோது நுண்குழல் பட்டை எங்குமே இல்லை. குற்றவாளி அகப்பட்டுவிட்டான் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

ஆனால் நாற்றை மறுபடி பார்த்தால்... வேர் கீழே இருந்தது. விதையிலைகள் மேலே இருந்தன. தோல் வெளியே, நீர் கடத்தும் குழாய்கள் நடுவே. ஒன்றுகூட இடம் மாறவில்லை. கொத்தனார் நூலே பிடிக்கவில்லை, செங்கல் எல்லாம் கோணல், வீடு மட்டும் வரைபடத்தின்படி எழுந்து நிற்கிறது!

ஆக, உருவத்தைச் செதுக்குவது நுண்குழல். வரைபடம் இருப்பது வேறு யார் கையிலோ.

யார் அது? துப்பு யூர்கென்ஸின் அதே பட்டியலில் இருந்தது. அங்கே இன்னொரு நாற்று. வேர் இல்லை, விதையிலை இல்லை, மேல் கீழ் இல்லை. வெறும் உருண்டை. அதற்கு அவர்கள் வைத்த பெயர், 'க்னோம்'. குள்ளபூதம்.

(தொடரும்)