1978-இல் பிறந்த இரு குழந்தைகளும் அடைபட்ட கருக்குழாயும்



மணமாகிச் சில ஆண்டுகள் கழிந்தும் குழந்தை இல்லையென்றால் பெண்ணை 'மலடி' என்பதும், கணவனைப் பற்றி வாய் திறவாதிருப்பதும் எங்கள் புக்கிட் செலம்பாவ் வட்டாரத் தோட்டங்களிலும் கேட்டுப் பழகியவையே. அச்சொல்லுக்குப் பின்னால் சில வேளைகளில் இருப்பது ஒரு குழாயடைப்பு. அதன் வரலாற்றை எழுதவேண்டுமென நெடுநாளாய் எண்ணியிருந்தேன்.

கருப்பையின் இருபுறமும் ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் நீளத்தில் கருக்குழாய்கள் உள்ளன. 1561-இல் இத்தாலிய உடற்கூற்றறிஞர் ஃபலோப்பியோ இவற்றை விரித்தெழுதினார். முட்டையும் விந்தணுவும் கூடுவது இங்கேதான். பால்வினைத் தொற்று, காசநோய், வெடித்த குடல்வால் முதலியவற்றால் குழாயின் முனை ஒட்டிக்கொண்டால், உள்ளே நீர் தேங்கி அது வீங்கும். பலருக்கு வலியே தெரிவதில்லை.

1978 ஜூலை 25 அன்று இங்கிலாந்தின் ஓல்டம் நகரில் லூயிஸ் பிரவுன் பிறந்தார்; உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை. அவருடைய தாயாருக்குக் கருக்குழாய்கள் அடைபட்டிருந்தன. சரியாக 70 நாள் கழித்து, அக்டோபர் 3 அன்று, கொல்கத்தாவில் 'துர்கா' பிறந்தார். அவர் தாயாருக்கும் கருக்குழாய்களே பழுது!

துர்காவின் பிறப்புக்குக் காரணமானவர் மருத்துவர் சுபாஷ் முகோபாத்யாய். முட்டைகள் பல முதிர ஊசிமருந்து கொடுத்தார். கருவை உறையவைத்துக் காத்து, வேறொரு மாதச் சுழற்சியில் கருப்பையில் வைத்தார். லூயிஸின் பிறப்பில் இவ்விரண்டும் இல்லை. இன்று உலகெங்கும் இவை அன்றாட நடைமுறை. ஆனால் மேற்கு வங்க அரசு அமைத்த குழு அவர் கூற்றை நம்பவில்லை. அக்குழுவின் தலைவர் ஒரு கதிரியக்க இயற்பியலாளராம்! தம் ஆய்வை விளக்க ஜப்பான் செல்லவும் அவருக்கு இசைவு கிட்டவில்லை. 1981-இல் கண் மருத்துவ நிலையத்துக்கு மாற்றப்பட்டார். அவ்வாண்டு ஜூன் 19 அன்று தம் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 50.

1986 ஆகஸ்டு 6 அன்று மும்பையில் பிறந்த ஹர்ஷாவே இந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை எனப்பட்டார். அப்பணியில் முதன்மைப் பங்காற்றிய அறிவியலாளர் டி.சி. ஆனந்த குமார், பின்னர் முகோபாத்யாயின் குறிப்புகளைப் படித்துப் பார்த்து, அப்பெருமை அவருக்கே உரியதென 1997-இல் எழுதினார். தமக்கு வாய்த்த புகழைத் தாமே எடுத்துப் பிறருக்குச் சூட்டும் மனம் எத்தனை பேருக்கு வரும்?

இதற்கிடையே 1990-இல் சென்னையில் மருத்துவர் கமலா செல்வராஜ் தென்னிந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தையை உலகுக்குக் கொணர்ந்தார்.

குழாயைத் தவிர்த்துக் கருவை நேரே கருப்பையில் வைத்தபின் அடைப்பால் என்ன கேடு என்று தோன்றும். 1990-களில்தான் விடை தெளிந்தது. தேங்கிய நீர் கருப்பைக்குள் கசிந்து, கரு ஒட்டி வளர்வதைக் கெடுக்கிறது. வெற்றி வாய்ப்பு ஏறத்தாழப் பாதியாகிறது. ஒலியலைப் படத்தில் தெரியுமளவு வீங்கிய குழாயை முதலில் அகற்றினால் கருத்தரிப்பு கூடுவதை 1999-இல் ஸ்காண்டிநேவிய மருத்துவமனைகளின் ஆய்வு காட்டியது.

அடைப்பை அறிய, கருப்பைக்குள் சாயம் செலுத்தி ஊடுகதிர்ப் படம் எடுப்பர். கணவரின் விந்தணுச் சோதனை இதைவிட எளிது, வலியும் இல்லை. நம்மிடையே தயக்கம் மிகுந்திருப்பது என்னவோ அதற்குத்தான்.