யெரவாடாவில் மனத்தின் ஆராய்ச்சி

மனம், மூளை, மொழி ஆகியவற்றைச் சேர்த்து ஆராயும் அறிதல் விஞ்ஞானம் மேனாட்டுச் சர்வகலாசாலைகளில் உருப்பெறுவதற்கு முன்பே, அதற்கு இன்றியமையாத சில சாஸ்திரங்களைப் புனே நகரத்து யெரவாடாவில் ஒரே கூரையின்கீழ்ச் சேர்த்தது டெக்கான் கல்லூரி. 1821இல் சம்ஸ்கிருத பாடசாலையாகத் தோன்றி, 1934இல் மூடப்பட்டு, 1939இல் ஆராய்ச்சி ஸ்தாபனமாகப் புனர்ஜன்மம் எடுத்த அக்கலாசாலைக்கு, மொழியியலில் கத்ரேயும், மானிடவியலில் ஐராவதி கார்வேயும், தொல்பொருளியலில் சங்காலியாவும் வாய்த்தது இத்தேசத்தின் பாக்கியம் என்றே கருதுகிறேன்.

அங்கு 1948இல் தொடங்கிய சம்ஸ்கிருத மகா அகராதியின் அறையில், பேழைகளில் அடுக்கிய ஒவ்வொரு சீட்டிலும் ஒரு சொல், அது பயிலும் வாக்கியம், நூலின் பெயர். ரிக் வேதம் தொடங்கிச் சுமார் 1500 நூல்களினின்று திரட்டிய அச்சீட்டுகள் ஏறத்தாழ ஒரு கோடி. ஒரு சொல்லுக்குரிய சீட்டுகளைக் காலவரிசையாக வைத்து நோக்குவோர்க்கு, அதன் அர்த்தம் கிளைத்த விதத்தோடு, அவ்வாறு கிளைக்கச் செய்த மனங்களின் போக்கும் புலனாகும். மூளையை நேரே காட்டும் கருவிகள் இல்லாத காலத்தில் இதனினும் நுண்ணிய சாட்சியம் வேறில்லை.

1955 முதல் டெக்கான் கல்லூரி நடத்திய மொழியியல் கோடைப் பள்ளிகள் பாரதமெங்கும் அத்துறைக்கு ஆசிரியர்களைத் தந்தன. அக்கல்லூரிக்கு வெளியே, 1962இல் அதே புனே நகரில் அப்பா பெண்ட்சே நிறுவிய ஞான பிரபோதினி என்னும் கல்வி நிறுவனம், மாணவரின் புத்திசக்தியை மனோதத்துவ முறைப்படி ஆராயும் பணியை மேற்கொண்டது.