சத்தியக் கடதாசியும் மலையக மக்களின் பிரசாவுரிமையும்

சத்தியஞ் செய்து பொய்யுரைத்தல் குற்றமென 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை விதித்தது. நீதிமன்ற நடவடிக்கையில் பொய்ச்சான்று கூறுவோர்க்கு ஏழாண்டு வரையும், பிறவிடத்துக் கூறுவோர்க்கு மூன்றாண்டு வரையும் சிறை விதிக்கலாம். ஆயின் கூற்றுப் பிழையாயிருத்தல் மட்டும் போதாது. அது பொய்யென அறிந்தோ நம்பியோ, மெய்யென நம்பாமலோ கூறியிருத்தல் வேண்டும். மறதியால் நேர்ந்த பிழை பொய்ச்சான்றாகாது.

அட்டன், நுவரெலியாத் தோட்டத்து மக்களின் வரலாற்றில் இவ்வேறுபாடு பெரிதும் நோக்கற்பாலது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் அவர்களுட் பெரும்பாலோர் நாடற்றோராயினர். 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவோர் பிரசாவுரிமைச் சட்டம் அவர்கள் விண்ணப்பிக்க வழி வகுத்தது. 1946 ஜனவரி 1ஆம் நாளுக்கு முன் மணமானோர் ஏழாண்டும் ஏனையோர் பத்தாண்டும், அதன்பின் விண்ணப்ப நாள் வரையும், இலங்கையில் இடையறாது வதிந்தமையை விண்ணப்பதாரி சத்தியக் கடதாசியிற் கூறி, விசாரணையில் நிறுவ வேண்டியிருந்தது. பன்னிரு மாதத்துக்கு மேற்பட்ட வெளிநாட்டுப் பயணம் அத்தொடர்ச்சியை முறித்தது.

கைநாட்டிடுவோர்க்கு, தென்னிந்தியா சென்று மீண்ட நாளை ஆண்டு மாதத்தோடு கூறுதல் எளிதன்று. தோட்டப் பதிவேட்டோடு அது முரண்படின், குற்றவியற் சட்டம் அவரைப் பொய்யராகக் கொள்ளாது. ஆயினும் நிறுவும் பொறுப்பு அவருடையதாகலின் விண்ணப்பம் வீழலாம். எண்ணிப் பொய்த்தவனும் நினைவு தவறியவனும் ஈண்டு ஒரே இழப்பை எய்தினர்.

ஏறத்தாழ எட்டு இலட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் அளிக்கப்பட்டன. உரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேரே. எஞ்சியோர் நிலையே 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பொருளாயிற்று. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமே, 1964 ஒக்டோபர் 30 முதல் நிரந்தரமாக வதிந்த இந்திய வமிசாவளியினருக்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் பிரசாவுரிமை நல்கியது. பொய்யைத் தண்டிக்கையில் மனத்தை ஆராயும் சட்டம், உரிமையை மறுக்கையில் ஏட்டை மட்டும் நோக்கின் நீதி குறைபடும் என்பதே இவ்வரலாறு உணர்த்துவது.