முத்தெடுத்தவனின் முதுமை

கொற்கை முத்தின் ஒளியைப் பற்றி எழுதப்பட்டவை ஏராளம். பாண்டியர் அரண்மனையில் அது பெற்ற இடத்தையும், உரோமாபுரிச் சீமாட்டியரின் கழுத்தில் அது பெற்ற மதிப்பையும் வரலாற்றாசிரியர்கள் விரிவாகவே கூறியிருக்கின்றனர். ஆனால் அந்த முத்தைக் கடலின் அடியிலிருந்து கொண்டுவந்த கை வலுவிழந்த பிறகு எதைப் பற்றிக்கொண்டு வாழ்ந்தது என்று கேட்டவர் மிகச் சிலரே. தூத்துக்குடி, காயல்பட்டினம், வேம்பாறு, கீழக்கரை என நீளும் இக்கரையின் வரலாற்றை அந்தக் கேள்வியோடு புரட்டிப் பார்த்தால், இன்றைய உழைப்பாளிக்கும் பயன்படும் பாடம் ஒன்று கிடைக்கிறது.

கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்கக் கடற்பயண நூலான பெரிப்ளூஸ், கொற்கையின் முத்துக்குளித்துறையில் தண்டனை பெற்ற கைதிகள் வேலை வாங்கப்பட்டனர் என்று குறிக்கிறது. கைதிக்குக் கூலியும் இல்லை. ஓய்வுக்காலம் என்ற எண்ணமும் இல்லை. இத்தொழில் எவ்வளவு கொடியது என்பதற்கு அந்த ஒரு குறிப்பே போதும்.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் காயலைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, முத்துக்குளிப்பின் கணக்கு வழக்கையே நமக்குத் தந்துவிட்டார். ஏப்ரல் தொடங்கி மே நடுப்பகுதி வரை பருவம். வணிகர்கள் கூட்டாகச் சேர்ந்து படகமர்த்தி, குளிப்பவர்களைக் கூலிக்குப் பேசிக்கொண்டனர். கிடைத்ததில் பத்தில் ஒரு பங்கு மன்னருக்கு. கொடிய மீன்கள் குளிப்பவரைத் தீண்டாதபடி மந்திரம் ஓதியவருக்கு இருபதில் ஒரு பங்கு. பிற்காலத்தில் ‘கடல்கட்டி’ என்று இக்கரையோர் அழைத்தது இத்தகைய மந்திரக்காரரைத்தான்.

போர்ச்சுகீசியர் வந்தனர், 1658இல் தூத்துக்குடி டச்சுக்காரர் கைக்குச் சென்றது, பின்னர் ஆங்கிலேயர் ஆண்டனர். கொடிகள் மாறினவே தவிர, பங்கு பிரிக்கும் முறையின் உட்பொருள் மாறவில்லை. பரதவர் தலைவரான சாதித்தலைவருக்கும் இராமநாதபுரம் சேதுபதிக்கும் முத்துக்குளிப்பில் தனி உரிமைகள் இருந்தன. ஆங்கிலேயர் காலத்தில், கரைக்கு வந்த சிப்பியை மூன்று குவியலாக்கி, இரண்டை அரசு எடுத்து ஏலமிட்டது. எஞ்சிய ஒன்றே குளித்தவர் பக்கத்துக்கு உரியது. கயிறு பிடித்தவரின் பங்கும் அதற்குள்ளேயே அடங்கியது.

இங்கே நாம் ஊன்றி நோக்க வேண்டிய உண்மை ஒன்று உண்டு. மன்னரின் பங்கு, மந்திரக்காரரின் பங்கு, தலைவரின் பங்கு ஆகிய யாவும் கரையிலேயே, உழைத்தவன் கையில் பணம் சேருமுன்பே பிரிக்கப்பட்டன. ‘வீட்டுச் செலவு போக மிஞ்சினால் தருகிறேன்’ என்று எவரும் மன்னரிடம் சொல்லிவிட முடியாது. முதலிலேயே ஒதுக்கிவிடும் அந்த நல்ல முறையை இக்கரை நன்றாகவே அறிந்திருந்தது. ஆனால் குளித்தவனின் முதுமைக்கென ஒரு பங்கு அந்தக் கணக்கில் இடம் பெறவில்லை.

அவனுக்கோ அத்தகைய ஒதுக்கீடு மற்றெவரையும் விட மிகுதியாகத் தேவைப்பட்டது. அவன் வருமானம் மாதந்தோறும் வருவதன்று. ஆண்டுதோறும் வருவதுகூட அன்று. கடலடியில் முத்துப்பார் எனப்படும் திட்டுகளில் சிப்பிக் குஞ்சுகள் ஒட்டி வளர்ந்து முதிர ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் வேண்டும். அதற்குள் நீரோட்டம் அவற்றை அடித்துச் செல்லலாம், மணல் மூடலாம், மீன்கள் தின்று தீர்க்கலாம். தூத்துக்குடிப் பக்கத்தில் 1926 முதல் 1928 வரை முத்துக்குளிப்பு நடந்தது. அதன்பின் 1955 வரை நடக்கவில்லை. 1928இல் இருபது வயது இளைஞனாகக் குதித்தவன், அடுத்த குளிப்பைக் கண்டபோது அவனுக்கு நாற்பத்தேழு வயது! 1961இல் முடிந்த குளிப்பே இக்கரையின் கடைசி முத்துக்குளிப்பாயிற்று.

இந்த நிச்சயமின்மை ஏழைக்கு மட்டும் நேர்ந்ததன்று. எதிர்க்கரையான இலங்கையில் 1905ஆம் ஆண்டுக் குளிப்பு பெருவெற்றி கண்டது. அதைக் கண்டு இலண்டனில் அமைந்த நிறுவனம் ஒன்று 1906இல் இருபது ஆண்டுக் குத்தகை எடுத்தது. 1907க்குப் பிறகு பார்கள் வறண்டன. 1912இல் நிறுவனமே கலைக்கப்பட்டது. வல்லுநரும் மூலதனமும் கொண்டிருந்தவர்களே ஒரு நல்ல ஆண்டை நம்பி இருபது ஆண்டுக் கணக்குப் போட்டு ஏமாந்தார்கள் என்றால், கல்லைக் காலில் மாட்டிக் குதித்தவன் எம்மாத்திரம்? செழிப்பான ஏழாண்டுகளின் தானியத்தை, பஞ்சமான ஏழாண்டுகளுக்கென்று கதிரோடு சேமிக்கச் சொன்ன நபி யூசுப் (அலை) அவர்களின் வரலாற்றை நாம் அறிவோம். அங்கே சேமித்தது தனியொரு குடியானவனல்லன்; ஒரு நாடே முறை வகுத்துச் சேமித்தது என்பதையும் மறத்தலாகாது.

முறை இல்லாத இடத்தில் கடன் வந்து அமர்ந்துகொள்ளும். மதுரைச் சுல்தான்கள் காலத்தில் மஅபர் நாட்டுக்கும் வந்து சென்ற இப்னு பதூதா, பாரசீக வளைகுடா முத்துக்குளிப்பைப் பற்றிக் கூறுவது இதற்குச் சான்றாகும். சுல்தான் ஐந்தில் ஒரு பங்கு எடுத்துக்கொள்வார். எஞ்சியதைப் படகிலிருக்கும் வணிகர்கள் வாங்கிக்கொள்வர். அவ்வணிகருள் பெரும்பாலோர் குளிப்பவர்களுக்குக் கடன் கொடுத்தவர்கள். ஆகவே முத்துகள் கடனுக்கே ஈடாகிப் போயின. முன்பணம் வாங்கிக்கொண்டு கடலுக்குப் போகும் வழக்கம் நம் கரைக்கும் புதியதன்று. முன்பணம் என்பது நாளைய உழைப்பை இன்றே செலவழிப்பது. முதுமைக்கான சேமிப்போ இன்றைய உழைப்பில் ஒரு துளியை நாளைக்கு அனுப்பி வைப்பது. இரண்டும் நேர் எதிரானவை.

அதே வளைகுடாவில் பிற்காலத்தில் நடந்ததும் நினைக்கத் தக்கது. 1930களில் ஜப்பானிய வளர்ப்பு முத்து சந்தையைப் பிடிக்க, குவைத்தின் முத்துத் தொழில் நலிந்தது. எண்ணெய் வளம் வந்தபோது அந்நாடு பழைய பட்டறிவை மறக்கவில்லை. 1953இல் முதலீட்டு வாரியம் ஒன்றை அமைத்தது. 1976இல் இயற்றிய சட்டப்படி, அரசு வருவாயில் பத்தில் ஒரு பங்கு ஆண்டுதோறும் வருங்காலத் தலைமுறையினர் நிதிக்கென்று முதலிலேயே ஒதுக்கப்பட்டது. காயலில் மன்னர் தமக்கென எடுத்த அதே பத்தில் ஒரு பங்கு, இங்கே பிள்ளைகளுக்கென எடுக்கப்பட்டது. பற்றாக்குறை ஆண்டுகளில் இந்த ஒதுக்கீடு கட்டாயமில்லை என்று 2020இல் சட்டம் திருத்தப்பட்டது. எனினும் நாற்பத்து நான்கு ஆண்டுகள் தவறாது ஒதுக்கியதன் பயனை அந்நாடு பெற்றிருக்கிறது.

அப்படியானால் நம் கரை முதியோரை அடியோடு கைவிட்டதா? இல்லை. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் மகளுக்குத் திருமணத்தின்போது வீடு கொடுப்பதும், மருமகன் அவ்வீட்டுக்கு வந்து வாழ்வதும் பழைய வழக்கம். கணவன் கொழும்பிலோ கடலிலோ இருக்க, மனைவி தன் சொந்தக் கூரையின்கீழ், தன் பெண்மக்களின் அருகில் மூப்படைந்தாள். கையில் காசில்லாவிடினும் தலைக்கு மேல் கூரை உண்டு என்ற உறுதி அவளுக்கு இருந்தது. பெண்ணைப் பெற்றவருக்கு வீடு கட்டும் சுமை பெரிதுதான். ஆயினும் முதுமைக்கான ஏற்பாடு என்பது பணத்தால் மட்டும் அமைவதன்று என்பதை இவ்வழக்கம் காட்டுகிறது.

கொடையும் இருந்தது. ‘செத்தும் கொடுத்தான் சீதக்காதி’ என்று தமிழ்நாடே சொல்லும் பெருமை கீழக்கரைக்கு உரியது. ஆனால் கொடை, கொடுப்பவரின் சிறப்பு, வாங்குபவரின் உரிமையன்று. நாற்பதாண்டு உழைத்தவர் அறுபதாவது வயதில் பிறர் வாசலில் நிற்பது, கொடையாளி எத்துணை நல்லவராயினும், அவ்வுழைப்புக்கு நாம் செய்யும் நீதியாகாது.

உரிமையாகத் திரும்பி வரும் நிதிக்கு இந்த ஊரே ஒரு முன்மாதிரியும் தந்தது. தென்மாவட்ட நாடார் வணிகர்கள், விற்பனையில் ஒரு சிறு தொகையை ‘மகமை’ என்று பிரித்துப் பொதுநிதி ஆக்கிப் பள்ளிகளை நடத்தினர். சிறு தொகைகள் சேர்ந்தால் பெருநிதியாகும் என்று கண்ட அச்சமூகம் 1921இல் தூத்துக்குடியில் நாடார் வங்கியைத் தொடங்கியது. 1962இல் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி எனப் பெயர் மாறி, அது இன்றும் இவ்வூரைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்குகிறது. மகமையின் இரகசியம் அதன் அளவில் இல்லை. விற்ற கணமே, செலவுக்கு முன்பே பிரிக்கப்பட்டதில் இருந்தது.

உழைப்பாளியின் கணக்கில் அந்த முறை மிகத் தாமதமாகவே நுழைந்தது. 1908இல் தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர் வ.உ. சிதம்பரம் பிள்ளை, சுப்பிரமணிய சிவா ஆகியோர் துணையோடு வேலைநிறுத்தம் செய்து கூலி உயர்வும் வார ஓய்வும் கேட்டனர். வார ஓய்வுக்கே போராட வேண்டியிருந்த காலம் அது. தொழிலாளர் வருங்கால வைப்புநிதிச் சட்டம் வந்தது 1952இல். முதலில் அதன்கீழ் வந்த ஆறு தொழில்களுள் நெசவாலையும் ஒன்று. கூலி கைக்கு வருமுன்பே ஒரு பங்கு பிடிக்கப்பட்டு, முதலாளியும் தம் பங்கைச் சேர்க்கும் முறை அன்றுதான் ஆலைத் தொழிலாளிக்குச் சட்ட உரிமையாயிற்று.

அவ்வுரிமைக்கு வழிகோலியவர்களுள் ஒருவரான வ.உ.சி.யின் இறுதிக்காலமோ உள்ளத்தை உருக்குவது. 1906இல் சுதேசிக் கப்பல் நிறுவனம் கண்டவர், சிறையிலிருந்து 1912இல் வெளிவந்தபோது நிறுவனமும் இல்லை. வழக்கறிஞர் தொழில் செய்யும் உரிமையும் இல்லை. 1936இல் அவர் மறையுமுன் எழுதிய மரண சாசனத்தில் கடைகளுக்குத் தர வேண்டிய பாக்கிகளும் இடம் பெற்றன. 1974இல் பெருந்துறைமுகமான தூத்துக்குடித் துறைமுகம் 2011 முதல் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. நாட்டுக்காகத் தம் முதுமையைக் கொடுத்தவர்களைக் காக்கும் முறையும் அன்று நம்மிடம் இல்லை.

இன்று துறைமுக ஊழியருக்கும் ஆலைத் தொழிலாளிக்கும் முறை உண்டு. வேலிக்கு வெளியே நிற்பவர் யார்? திரேஸ்புரத்தில் சங்கு குளிப்பவர். உப்பளத்தில் வாருபலகை இழுப்பவர். பிறர் படகில் பங்குக்குப் போகும் மீனவர். மீனவர் 1500 ரூபாய் சேமித்தால் அரசுகள் 3000 ரூபாய் சேர்த்து 4500 ஆகத் திருப்பித் தரும் திட்டம் உண்டு. அது நல்லதே, ஆனால் மீன் குறைந்த மாதங்களைத்தான் அது தாண்டுவிக்கும், உடல் தளர்ந்த ஆண்டுகளை அன்று. உப்பளத் தொழிலாளருக்கு மழைக்காலத்தில் அரசு தரும் 5000 ரூபாயும் அத்தகையதே.

2015இல் மத்திய அரசு தொடங்கிய அடல் ஓய்வூதியத் திட்டத்தின் கணக்கு ஒன்றை இங்குக் காட்டலாம். அறுபது வயதுக்குப்பின் மாதம் 5000 ரூபாய் பெற, பதினெட்டு வயதில் சேர்பவர் மாதம் 210 ரூபாய் கட்டினால் போதும். நாற்பது வயதில் சேர்பவரோ 1454 ரூபாய் கட்ட வேண்டும். நாற்பதைக் கடந்தவருக்கு அதில் இடமே இல்லை. இருபத்திரண்டு ஆண்டுத் தாமதத்தின் விலை ஏறக்குறைய ஏழு மடங்கு! விலைவாசி ஏறுவதால் அந்த 5000 ரூபாய் அன்று இன்றைய மதிப்போடு இராது என்பதையும் கருதி, அதனை முழு ஏற்பாடாகக் கொள்ளாமல் தொடக்கமாகக் கொள்வதே அறிவுடைமை.

வட்டி கலந்த சேமிப்பில் தயக்கம் உடையோர் நம்முள் பலர். அவர்கள் மலேசியாவின் ஹஜ் சேமிப்பு நிறுவனத்தை நோக்கலாம். நிலத்தையும் மாட்டையும் விற்று ஹஜ்ஜுக்குச் சென்ற குடியானவர்கள் திரும்பி வந்து வறுமையில் வாடியதைக் கண்ட பொருளியலறிஞர் உங்கு அஜீஸ், 1959இல் ஒரு திட்டம் தந்தார். 1963இல் அது செயலுக்கு வந்தது. சிறுகச் சேர்த்த பணத்தைத் தொழிலிலும் நிலத்திலும் இட்டு, இலாபத்தைப் பங்கிட்டார்கள். 2018இல் அதன் பொறுப்புகள் சொத்தை மிஞ்சி அரசு தலையிட நேர்ந்ததும் உண்மையே. பொதுநிதிக்கு நல்லெண்ணம் மட்டும் போதாது; கண்டிப்பான தணிக்கையும் வேண்டும் என்பதே அதன் பொருள்.

ஆகவே இக்கரை நமக்குக் கற்பிப்பது சிக்கனத்தைப் பற்றிய வெறும் அறிவுரை அன்று. அன்றாடம் காய்ச்சியிடம் ‘மிஞ்சியதைச் சேமி’ என்றால், மிஞ்சுவது ஒன்றுமிராது. பழைய கரைக் கணக்கைப் போல, பங்கு பிரிக்கும் இடத்திலேயே பிரித்துவிட வேண்டும். சங்கு எடை போடும் இடத்திலும், மீன் ஏலக்கூடத்திலும், உப்பளக் கூலி மேசையிலும் குளித்தவர், பிடித்தவர், வாரியவர் ஒவ்வொருவரின் பெயரிலும் ஒரு சிறு பங்கு அவரவர் கணக்குக்கே போய்ச் சேர வேண்டும். அதற்குச் சங்கங்களும் ஜமாஅத்துகளும் வணிகர்களும் கூடி முயன்றால் போதும். புதிய சட்டத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

அன்று சுறாவுக்கு அஞ்சி இருபதில் ஒரு பங்கை மந்திரக்காரருக்கு மறுக்காமல் கொடுத்தார்கள். சுறா வராமலும் போகலாம். முதுமை, ஆயுள் உள்ள அனைவருக்கும் வந்தே தீரும். அதற்கென்று அதே இருபதில் ஒரு பங்கை இன்றைய கணக்கிலேயே எழுதத் தொடங்குவோமாக.